பந்தைப் பார்க்க வேண்டிய கண்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சிறுபோக அறுவடைக் களைப்போடும் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் கிளிநொச்சிப் பெருமக்களே, வணக்கம்.

'அணி விளையாட்டில் நம் பிள்ளைகளை உயர்த்துவது வெற்றியே குறியென்ற கண்டிப்பா, ஆட்டத்தைக் கற்பிக்கும் பொறுமையா?' என்பது வழக்கு. பொறுமையின் பக்கம் நின்று பேசுகிறேன். எதிரணித் தலைவர், 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று தொடங்கிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். அந்தப் பழமொழியை முதலில் சொன்னவர் அடித்தவராகத்தான் இருந்திருப்பார், அடி வாங்கியவராக அல்ல.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை நான் தள்ளமாட்டேன். தேசிய மட்டத்தில் சாதித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி வழி உண்டு என்றும், ஆகவே வன்னிப் பிள்ளைக்கு வெற்றி என்பது அலுமாரியில் வைக்கும் கேடயம் மட்டுமன்று என்றும் சொன்னார். உண்மை. வெற்றி வேண்டாம் என்று வாதிட நாங்கள் வரவில்லை. அது எந்த வழியால் வரும் என்பதில்தான் அவரோடு பிணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் வலய மட்டக் கரப்பந்தாட்டப் போட்டியொன்றில் புள்ளி குறிக்கும் மேசையில் இருந்தேன். தீர்மானிக்கும் கடைசிச் சுற்று, இரு பக்கமும் 13 புள்ளிகள். பின்வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் கையில் பட்ட பந்து வெளியே பறந்தது. உடனே வாங்கிலிருந்து பயிற்றுநர் எழுந்து, 'உனக்கு ஆடு மேய்க்கிற வேலைதான் சரி' என்று மைதானமே கேட்கக் கத்தினார். அடுத்த சேவிஸும் அவளை நோக்கியே வந்தது. அப்போது அவளுடைய கண்கள் பந்தில் இல்லை. வாங்குப் பக்கம் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பந்து அவளுடைய வெறுங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கிரவலில் விழுந்து புழுதி கிளப்பியது. 13–15. அந்தப் புள்ளியை என் கையாலேயே எழுதினேன். கையில் குறையில்லை, காலிலும் குறையில்லை. பந்தைப் பார்க்க வேண்டிய கண்களை அச்சம் பிடுங்கிக்கொண்டது.

கதை அங்கே முடியவில்லை. அந்தப் பாடசாலையில் கரப்பந்து ஆடியவர்கள் மொத்தம் 8 பேர். அவளும் அவளோடு சேர்ந்து இரண்டு தோழியரும் விலகிக்கொண்டார்கள். மிச்சம் 5. கரப்பந்துக்கு 6 பேர் வேண்டும். மறு ஆண்டு அந்தப் பாடசாலை போட்டிக்குப் பெயரே கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் மாணவர் படிக்கும் நகரப் பாடசாலைக்கு மூன்று பேர் போனால் முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். நம் காட்டோரக் கிராமங்களில் அப்படியா?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் அவுஸ்திரேலியக் கிரிக்கெட்டை இழுத்தார். கண்டிப்பான பயிற்றுநர் ஜஸ்ரின் லாங்கர் 2021 இல் இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தை வென்று தரவில்லையா என்று கேட்டார். வென்று தந்தார், அடுத்து இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் டெஸ்ட் தொடரையும் 4–0 என்று வென்று தந்தார். ஆயினும் அவருடைய கடுமை தாங்காமல் வீரர்களே புழுங்கினார்கள். 2022 பெப்ரவரியில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த அன்ட்ரூ மெக்டொனால்ட் அமைதியானவர், வீரர்களோடு கலந்து பேசி முடிவெடுப்பவர். அவருடைய பயிற்சியில் அதே அணி 2023 இல் டெஸ்ட் உலக வாகையர் பட்டத்தையும் ஒருநாள் உலகக் கிண்ணத்தையும், இரண்டையும் இந்தியாவை வீழ்த்தியே வென்றது. என் நண்பர் அந்த ஆண்டுக்கு வருமுன் ஏனோ நிறுத்திக்கொண்டார். 2018 இல் கேப்டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்துப் பிடிபட்டதும் இதே அணிதான் என்பதையும், விலையை எண்ணாமல் வெல்லத் துடித்த போக்கையே பின்னர் வந்த ஆய்வறிக்கை குறை கூறியது என்பதையும் அவர் மறந்துவிட்டார்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர் ஜோன் வூடன் 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய வாகையர் பட்டம் வென்று கொடுத்தவர். பருவத்தின் முதல் நாளில் அவர் கற்றுக்கொடுத்தது காலுறை அணிவதை. சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஓட முடியாது என்று விரல் நுனியிலிருந்து குதிக்கால் வரை தடவிக் காட்டுவாராம். 1948 இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவருக்கு முதற் பட்டம் கிடைத்தது 1964 இல். ஒரு பருவம் தோற்றதும் ஆளை மாற்று என்று மனு எழுதும் நம் பழைய மாணவர் சங்கங்கள் அவரை எத்தனை நாள் வைத்திருக்கும்?

தோற்று வரும் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள் என்று எதிரணித் தலைவர் இறுதியாகக் கேட்டார். 'பந்து வரும்போது நீ முழங்காலை மடக்கவில்லை, நாளைக்கு மூன்று மணிக்கு வா, அதை மட்டும் பார்ப்போம், கடைசி பஸ்ஸுக்கு முன் விட்டுவிடுவேன்' என்று சொல்வோம், ஐயா.

நன்றி, வணக்கம்.