அட்லாண்டாவில் தெருப் பெயர் ஏன் மாறுகிறது?

தலைவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

பெருநகரங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ பிறந்தவை. நாம் குடியேறியிருக்கும், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா அப்படிப் பிறக்கவில்லை. சாட்டஹூச்சி ஆறு வடமேற்கே ஒதுங்கி ஓடுகிறது. அதில் கப்பல் வராது. கடல் மட்டத்துக்கு ஆயிரம் அடி மேலே, ஒரு நீர்பிரி மேட்டின் மீது உட்கார்ந்திருக்கிற ஊர் இது. டவுன்டவுனில் பெய்யும் மழையில் ஒரு பங்கு அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது, மறு பங்கு மெக்சிகோ வளைகுடாவுக்கு. பீச்ட்ரீ தெரு அந்த மேட்டின் உச்சியைப் பிடித்துக்கொண்டே போவதால்தான் அப்படி வளைகிறது.

மேட்டு வழியாகப் போனால் ஓடைகளைக் கடக்க வேண்டாம், பாலச் செலவு குறையும். ரயில் போடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1837இல் வெஸ்டர்ன் அண்ட் அட்லாண்டிக் ரயில்பாதை முடியும் இடத்தை இங்கே குறித்தார்கள். ஊருக்கு முதலில் வழங்கிய பெயரே 'டெர்மினஸ்'. 1843இல் மார்த்தாஸ்வில் ஆனது, 1845இல் அட்லாண்டா. 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் இந்த ஊரைக் குறிவைத்ததும் ரயிலுக்காகத்தான். அவருடைய படை தண்டவாளத்தைப் பிடுங்கியதோடு விடவில்லை. கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, இரும்பு சிவந்ததும் மரத்தைச் சுற்றி முறுக்கிவிட்டார்கள். வெறுமனே வளைந்த தண்டவாளத்தை நிமிர்த்திவிடலாம். முறுக்கியதை மறுபடி உருக்கித்தான் ஆக வேண்டும். அப்படியும் சில ஆண்டுகளில் ஊர் எழுந்து, மாநிலத் தலைநகரமும் ஆகிவிட்டது.

இனி தலைப்புக்கு வருகிறேன். வடக்கேயிருந்து மன்ரோ டிரைவில் தெற்கு நோக்கி வாருங்கள். பான்ஸ் டி லியான் அவென்யூவைத் தாண்டிய உடனே அதே தெரு 'புலவார்ட்' ஆகிவிடும். பிரையர்கிளிஃப் ரோடு மோர்லாண்ட் அவென்யூ ஆகும். ஜூனிப்பர் தெரு கோர்ட்லாண்ட் ஆகும். தெரு ஒன்றுதான், திரும்பவே இல்லை, பெயர் மட்டும் மாறுகிறது. பான்ஸுக்கு வடக்கே வெள்ளையர், தெற்கே கறுப்பர் என்று ஊர் பிரிந்திருந்த காலத்தின் மிச்சம் அது. முகவரியைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே! ஜி.பி.எஸ். இன்று அதையெல்லாம் அமைதியாக வாசித்துக்கொண்டு போகிறது.

பெயர் போதாத இடத்தில் தடுப்பே எழுப்பினார்கள். 1962 டிசம்பரில் தென்மேற்கே பேட்டன் ரோட்டில் நகராட்சியே குறுக்கே தடுப்பு வைத்தது, கறுப்புக் குடும்பங்கள் அதற்கு மேல் வீடு வாங்கிப் போகக் கூடாதென்று. 1963 மார்ச்சில் நீதிமன்றம் அதை எடுக்க வைத்தது. தடுப்பை எடுக்கலாம், நெடுஞ்சாலையை எடுக்க முடியுமா? ஆபர்ன் அவென்யூ கறுப்பர்களின் வங்கி, காப்பீட்டு நிறுவனம், தேவாலயம் எல்லாம் இருந்த கடைத்தெரு. மார்ட்டின் லூதர் கிங் பிறந்த தெரு. இன்று ஐ-75, ஐ-85 இரண்டும் சேர்ந்து போகும் கனெக்டர் அந்தத் தெருவை நடுவில் வெட்டிக்கொண்டு மேலே போகிறது. கிங் பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் டவுன்டவுன் பக்கமிருந்து அந்தப் பாலத்தடியில் நடந்து போங்கள். கடைத்தெரு ஏன் செத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அட்லாண்டாவின் ரயிலையும் பேருந்தையும் நடத்தும் பொதுப் போக்குவரத்து அமைப்பான மார்ட்டாவின் (MARTA) கதையும் இதுதான். 1965இல் காப் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) அதில் சேர மறுத்தது. 1971இல் ஒரு டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. பேருந்துக் கட்டணத்தை 40 சென்ட்டிலிருந்து 15 சென்ட்டுக்குக் குறைப்போம் என்று வாக்குறுதி கொடுத்ததால் ஃபுல்டன், டிகால்ப் கவுண்டிகள் சம்மதித்தன. க்ளேட்டனும் குவினெட்டும் வேண்டாம் என்றன. வரிதான் காரணம் என்று வெளியில் பேசினார்கள். மார்ட்டாவின் எழுத்துகளுக்குக் கறுப்பர்களை இழிவுசெய்யும் விரிவாக்கம் ஒன்று ஊர் முழுக்கச் சுற்றியதைக் கேட்டவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும். 1979இல் ரயில் ஓடத் தொடங்கியது. 2000க்குப் பிறகு புதிய ரயில் நிலையம் திறக்கவில்லை. வடக்கே நார்த் ஸ்பிரிங்ஸோடு பாதை நின்றுவிட்டது. அதனால்தான் வடக்குப் புறநகர்களான ஆல்ஃபரெட்டாவிலிருந்தும் கம்மிங்கிலிருந்தும் நாம் அத்தனை பேரும் ஜி.ஏ. 400 நெடுஞ்சாலையில் ஆளுக்கொரு காரில் நிற்கிறோம். க்ளேட்டன் 2014இல் மனம் மாறிச் சேர்ந்தது. குவினெட் 1990இலும் 2019இலும் மறுத்தது. 2024இல் கேட்ட போக்குவரத்து வரிக்கும் வேண்டாம் என்றது.

இதன் விலை 2014 ஜனவரி 28 அன்று தெரிந்தது. விழுந்த பனி மூன்று அங்குலம்கூட இல்லை. அதற்கே ஊர் முடங்கிப் பிள்ளைகள் பள்ளியிலும் பேருந்திலும் இரவைக் கழித்தார்கள். பள்ளி, அலுவலகம், அரசு மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நண்பகலில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பின. உப்பு தூவாத சாலையில் டயர்கள் பனியை நசுக்க, அது கண்ணாடியாக உறைந்தது. லாரிகள் குறுக்கே சறுக்கி நின்றன. அதன் பிறகு உப்பு வண்டி வந்தாலும் நுழைய இடமில்லை. மாநகரப் பகுதியில் 60 லட்சம் பேர். அட்லாண்டா நகரம் என்பது அதில் 5 லட்சம்தான். மீதியெல்லாம் தனித்தனி கவுண்டி, தனித்தனி நகராட்சி. எல்லாருக்கும் சேர்த்து ஒரு முடிவெடுக்க அன்று ஆளில்லை.

கடைசியாக, நம்மில் பலர் வீடு வாங்கியிருக்கும் ஃபோர்சைத் கவுண்டி. 'நல்ல பள்ளிக்கூடம், அமைதியான இடம்' என்று சொல்லித்தான் வீடு விற்கிறார்கள். 1912இல் ஒரு வெள்ளைப் பெண்ணின் கொலையைச் சாக்காக வைத்து அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 1,100 கறுப்பர்களையும் துரத்தியடித்தார்கள். நிலத்தைச் சிலர் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள், சிலர் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். 1987 ஜனவரியில் அங்கே சமத்துவ ஊர்வலம் போனவர்கள் மீது கல்லெறிந்தார்கள். அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு நடந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியில் ஆசியர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கறுப்பர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அந்தக் கவுண்டியின் தலைநகரான கம்மிங் நடுவூரில் அந்த 1912ஐப் பற்றி ஒரு வரலாற்றுப் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். படித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகும், அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.