நிலநடுக்க அலை ரிவர்ஸ்ல ஓடுது! தப்பு எங்கே?

[திரையில்: படுகை மேல் அலை முகடுகள், நிலநடுக்கம் தொடங்கிய இடத்தை நோக்கி நகர்கின்றன]

இதை நல்லா உத்துப் பாருங்க. விலகிப் போகவேண்டிய அலை, கிளம்புன இடத்துக்கே திரும்பி வருது. சிமுலேஷன் சரியாத்தான் ஓடிச்சு. ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை யாரும் கேக்கல: "எத்தனை நொடிக்கு ஒரு தடவை சேமிக்கப் போறீங்க?"

பின்னணியை சட்டுனு சொல்லிடறேன். 2010ல, கலிஃபோர்னியாவோட சான் ஆண்ட்ரியாஸ் பிளவுல 8 அளவு நிலநடுக்கம் வந்தா எப்படி இருக்கும்னு, அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல இருந்த ஜாகுவார் சூப்பர் கம்ப்யூட்டர்ல சிமுலேஷனா ஓட்டினாங்க. பேரு எம்8. 810க்கு 405 கிலோமீட்டர், ஆழம் 85, 40 மீட்டருக்கு ஒரு புள்ளி. மொத்தம் சுமார் 43,600 கோடி புள்ளி!

ஒரு புள்ளிக்கு மூணு திசைவேக எண், 12 பைட். அப்போ ஒரே ஒரு கணத்தைச் சேமிக்க 5.2 டெராபைட். நொடிக்கு ஒரு கிகாபிட் லைன்ல இறக்கினா பதினொன்றரை மணி நேரம். அதனால டேட்டா இருக்கிற இடத்துலயே பாராவியூங்கிற, டேட்டாவைப் படமா வரையுற மென்பொருளோட சர்வரை ஓட்டி, வரைஞ்ச படத்தோட பிக்சலை மட்டும் வாங்குறதுதான் வழி. தரைப்பரப்பு மட்டும் போதும்னா, 2.5 கிகாபைட்தான்.

இப்போ அந்த ரிவர்ஸ் கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

எம்8ல அதிகபட்ச அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ரெண்டு அலைவு. படுகையில இருக்கிற மென்மையான படிவு மண்ல அலை நொடிக்கு 400 மீட்டர் போகுதுன்னா, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 200 மீட்டர். 0.4 நொடிக்கு ஒரு தடவை சேமிச்சீங்கன்னு வைங்க. அதுக்குள்ள முகடு 160 மீட்டர் முன்னேறிடும். ஆனா பின்னாடி வர்ற அடுத்த முகடு, இந்த முகடு முதல்ல இருந்த இடத்துக்கு 40 மீட்டர் பின்னாடி வந்து நிக்கும். கண்ணு பக்கத்துல இருக்கிறதைத்தானே பிடிக்கும்? "அலை 40 மீட்டர் பின்வாங்கிடுச்சு"ன்னு நம்பிடும். சினிமால வண்டிச் சக்கரம் பின்னால சுத்துமே, அதே ஏமாத்து வேலை. ஒரு அலைவுக்குப் பத்து படம், அதாவது 0.05 நொடிக்கு ஒண்ணு சேமிங்க. எம்8 ஓடின 360 நொடிக்கு, தரைப்பரப்புக்கு மட்டும் 7,200 படம், சுமார் 18 டெராபைட். வட்டுல இடம் இப்பவே கேட்டு வைங்க. ஓட்டி முடிச்ச அப்புறம் அழுது பிரயோஜனமில்ல!

இதே வினை இடத்துலயும் உண்டு. 810 கிலோமீட்டரை 1920 பிக்சல்ல அடக்கினா, ஒரு பிக்சல் 422 மீட்டர். சரி, பத்துல ஒரு புள்ளியை எடுப்போம்னு 400 மீட்டருக்குத் தாவினா, ஒவ்வொரு தடவையும் 200 மீட்டர் அலையோட அதே கட்டத்துலதான் போய் விழுவீங்க. குலுங்கிட்டு இருக்கிற படுகை, ஒரே நிறத்துல தட்டையாத் தெரியும். சராசரி எடுத்தாலும் மேடும் பள்ளமும் கழிஞ்சு பூஜ்யம். அதுக்குப் பதிலா, பத்துக்குப் பத்து புள்ளி இருக்கிற ஒவ்வொரு சதுரத்துலயும் உச்ச வேகத்தை எடுங்க. அலையோட வடிவம் போயிடும், குலுக்கத்தோட பலம் தப்பிச்சிடும். வடிவமும் வேணும்னா, அந்தப் படுகைக்கு மட்டும் தனியா ஜூம்.

நிறத்துக்கு ஒரே வரி: அளவுகோலை எல்லா ஃப்ரேமுக்கும் ஒண்ணா பூட்டுங்க, தானியங்கியா விட்டா கடைசி முனகல்கூட பேரழிவு மாதிரி சிவக்கும்.

சரி, உங்களுக்கு ஒரு கணக்கு. 0.4க்குப் பதிலா சரியா 0.5 நொடிக்கு ஒரு தடவை சேமிச்சா, அந்த அலை திரையில என்ன பண்ணும்? வீடியோவை நிறுத்தி யோசிச்சு கமெண்ட்ல போடுங்க.