மேசை மேல் ஒரு குளம், ஒரு பூ

எல்லோருக்கும் வணக்கம். பூ அலங்காரம் பற்றிப் பேச வந்தவள் கையில் பூவைக் காணோம், கடப்பாக்கல் துண்டு இருக்கிறதே என்று முன்வரிசையில் பார்க்கிறீர்கள். பூவும் வரும். ஒன்றே ஒன்று.

அதற்கு முன்னால் ஒரு கட்டடம். 1929இல் பார்சிலோனாவில் நடந்த கண்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் மீஸ் வான் டெர் ரோ என்ற கட்டடக் கலைஞர் ஒரு கூடம் கட்டினார். லில்லி ரைஷ் என்ற வடிவமைப்பாளரும் கூட உழைத்தார். மறு வருஷமே அதைப் பிரித்துவிட்டார்கள். இன்று நிற்பது 1986இல் அதே இடத்தில் திரும்பக் கட்டியது. கூரையைத் தாங்க எட்டே மெல்லிய எஃகுத் தூண்கள். சுவர்கள் இடத்தைப் பிரிக்க மட்டும்.

அதன் உயரம் எப்படி முடிவானது தெரியுமா? மீஸுக்குத் தேன் நிறத்தில் ஓனிக்ஸ் என்ற கல்லில் ஒரு பாளம் கிடைத்தது. அதை இரண்டடுக்காக வைத்தால் என்ன உயரம் வருமோ, அதுவே கூடத்தின் உயரம் என்று வைத்துக்கொண்டார். சுமார் 3.1 மீட்டர். இரண்டு அடுக்கும் சேரும் கோடு, நிற்பவரின் கண்ணுக்கு ஏறக்குறைய நேராக வருகிறது. கல் கிடைத்த பிறகுதான் அளவு.

நாமோ முதலில் பெரிய ஜாடி வாங்குகிறோம், அப்புறம் அதை நிரப்பப் பூ தேடுகிறோம். நானும் செய்தவள்தான். ஒரு விருந்தில் நான் வைத்த ஜாடிக்கு இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரசம் வருவதற்குள் மாமியார் அதைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டார். சரியான தீர்ப்பு!

சாப்பிடும் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கண்தான் அளவு. முழங்கையை மேசையில் ஊன்றி முஷ்டியை நிமிர்த்துங்கள். பூ அதற்குக் கீழே நிற்கட்டும்.

அந்தக் கூடத்தில் சிறிய குளம் ஒன்று உண்டு. அதற்குள், நடுவில் இல்லாமல் ஓரமாக, கேயார்க் கோல்பே செய்த பெண் சிலை. தண்ணீருக்குள் நிற்பதால் பார்க்கலாம், கிட்டே போக முடியாது. என் மேசைக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆறடி மேசையில் விரிப்பு வேண்டாம். ஒரு பக்கமாகத் தள்ளி நீளமான, ஆழமில்லாத கறுப்புத் தட்டு. அதன் மூலையில், தண்டைக் குத்தி நிறுத்த ஊசித்தகடு. ஜப்பானியர்கள் கென்சான் என்பார்கள். ஊசி முழுகும் அளவுக்குத் தண்ணீர். அதில் ஒரு வெள்ளைக் கல்லா லில்லி. தண்டின் அடியில் டேப் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் கிழிந்து சுருண்டுவிடும். பின்னால் இந்தக் கடப்பாக்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். அடியில் குறுக்காக ஒரு துண்டு ஒட்டினால் விழாது. பச்சை மார்பிள் வேண்டுமானால் கல் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். மீஸின் கூடத்தில் ஒரு சிவப்புத் திரை இருந்தது. இங்கே நாப்கின்கள் சிவப்பாக இருந்தால் போதும், இன்னொரு நிறப் பூ வேண்டாம்.

சம்பங்கி வைக்கலாமா என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். அழகுதான். ஆனால் அந்த வாசனைக்கு முன்னால் நீங்கள் தாளித்த சாம்பார் நிற்காது.

சரி, தட்டில் தண்ணீர் ஊற்றுகிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து கிட்டே வாருங்கள். பூவின் நிழல் தண்ணீரில் விழுவது அங்கிருந்து தெரியாது.