உதவித்தொகையா, அச்சாரமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, குறிப்பாகப் பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கல்லூரிக் கட்டணக் கவலையில் தூக்கம் கெட்டிருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு வழங்கும் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை மாணவருக்கு வரமா, சுமையா என்பது இன்றைய தலைப்பு. சுமையே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் தரைப்படையின் கணக்கை அழகாக அடுக்கினார்: நான்காண்டுக் கல்விக் கட்டணம், புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலர், படிக்கும் மாதங்களில் கைச்செலவுக்கு மாதம் 420 டாலர், பட்டம் பெற்றதும் செகண்ட் லெப்டினன்ட் பதவி. 1958-இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் இதே பயிற்சியை முடித்து, பின்னாளில் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக உயர்ந்த காலின் பவலையும் மறக்காமல் மேடைக்கு அழைத்து வந்தார். ஆனால் தரைப்படையின் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையே 1964-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. பவல் இந்தப் பணத்துக்காகச் சேர்ந்தவர் அல்லர். சீருடையும் அணிவகுப்பும் பிடித்துப்போய்ச் சேர்ந்தவர். ஆகவே அவர் எங்கள் அணியின் சாட்சி.

எதிரணி சொன்ன எண்களில் எனக்கு வழக்கு இல்லை. அந்தப் பணத்துக்கு அவர்கள் வைத்த பெயரில்தான் வழக்கு. மாட்டுச் சந்தையிலும் மனை பேசும் இடத்திலும், பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகக் கைமாறும் பணத்தை நாம் அச்சாரம் என்கிறோம். அச்சாரம் வாங்கியவர் பின்வாங்க முடியாது. இங்கே அதை வாங்குகிறவருக்கு வயது 18. கையெழுத்திட்டால் அவருக்கு வருவது மொத்தம் எட்டாண்டுக் கடமை: பொதுவாக நான்காண்டு முழுநேரப் பணி, எஞ்சியவை ரிசர்வில், அதாவது தேவைப்பட்டால் மீண்டும் அழைக்கப்படுவோர் பட்டியலில். 22 வயதில் பட்டம் பெறுகிறவர் 30 வயதில்தான் முழுமையாக விடுபடுகிறார். ரிசர்வ் என்பது பெயருக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். ஈராக் போருக்காக 2004-இல், முழுநேரப் பணியை முடித்து வீடு திரும்பியிருந்தவர்களையும் அந்தப் பட்டியலிலிருந்து மீண்டும் அழைத்தார்கள்.

முதலாண்டு முடிவதற்குள் கடனில்லாமல் விலகிக்கொள்ளலாமே என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கதவு இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் மூடிவிடுகிறது. பயிற்சியின் கடுமையான பகுதியோ, மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில், கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸ் முகாமில் காத்திருக்கிறது. அதாவது, இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளை உண்மையாகவே அறிந்துகொள்ளும் நாளில், விலகும் உரிமை காலாவதியாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அதன் பிறகு விலகினாலோ, மதிப்பெண் சரிந்தாலோ, ஓட்டத்திலும் உடல் எடையிலும் தொடர்ந்து தேறாமல் போனாலோ என்ன ஆகும்? ஒப்பந்தத்தின் கனமான பத்தி இதுதான். நீக்கப்பட்ட மாணவரிடம் செலவிட்ட பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம், அல்லது அவரை அதிகாரியாக அல்லாமல் சாதாரணப் படைவீரராகப் பணிக்கு அழைக்கலாம். இரண்டில் எது என்று தீர்மானிப்பது ராணுவமே தவிர மாணவர் அல்லர். கல்விக் கடனும் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் கடன் கொடுத்தவர் பணத்தைத்தான் கேட்பார். எந்த ஊரில் குடியிருக்க வேண்டும், எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று சொல்லமாட்டார். மாணவர் தன் தவறே இல்லாமல் உடல்நலம் கெட்டு நீக்கப்பட்டால் பொதுவாகப் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மீதி ஆண்டுகளின் கட்டணம் ஒரே நாளில் குடும்பத்தின் தலையில் இறங்கும்.

ஒழுங்காக முடித்தவர்களுக்கும், படையின் எந்தப் பிரிவில் பணி என்று விருப்பம் கேட்கப்படுமே தவிர உறுதி கிடையாது. கணினி படித்தவர் பீரங்கிப் படைக்குப் போகலாம். தரவரிசையும் படையின் தேவையும் முடிவு செய்யும். படிக்கும்போது பாடப்பிரிவை மாற்றவும் அனுமதி வேண்டும். பிறகு, படையில் பணியாற்றியவர்களின் படிப்புக்கு அரசு உதவும் ஜி.ஐ. பில் சலுகையில் மேற்படிப்பு படிக்கலாம் என்று கனவு காண்கிறவர்கள், உதவித்தொகைக்கு ஈடாகச் செய்யும் அந்த நான்காண்டு முழுநேரப் பணி அந்தச் சலுகைக்குக் கணக்கில் சேராது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பணமே கிடைக்காவிட்டாலும் ராணுவத்துக்குத்தான் போவேன் என்கிற பிள்ளையிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு இது சுமையாகத் தெரியாது. நான் கவலைப்படுவது கட்டணத்துக்காகக் கையெழுத்திடும் பிள்ளையைப் பற்றி.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். பணம் பற்றிய வரிகளில் அப்பா மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தார். நீக்கம் பற்றிய பத்தியின் மேல் காபி டம்ளர் இருந்தது. டம்ளரை நகர்த்திவிட்டுப் பையனைப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்தான். பிறகு, உதவித்தொகை வாங்காமலே முதல் இரண்டு ஆண்டு வகுப்புகளில் எந்தக் கடமையும் இன்றிச் சேரலாம் என்பதைத் தானே தேடிக் கண்டுபிடித்து, "முதல்ல அப்படிப் போய்ப் பார்க்கிறேன்பா, பிடிச்சிருந்தா அப்புறம் மூணாவது வருஷத்துல கேட்டுக்கலாம்" என்றான். அப்பா மஞ்சள் பேனாவை மூடி வைத்தார். நன்றி, வணக்கம்.