ஹேக் நகரம் வரை போன வகுப்புப் பாடம்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் 'ப்ராஜெக்ட்' என்று வாயெடுத்தாலே பெற்றோருக்குப் பகீர் என்கிறது. ராத்திரி பத்து மணிக்குச் சார்ட் பேப்பர் தேடி அலைவது யார்? நாம்தானே. தலைப்பு புவி வெப்பமாதல், செய்வதோ தெர்மாகோலில்! மதிப்பெண் போட்டதும் அது பரணுக்குப் போய்விடும். மாணவர் செயல்திட்டம் என்றால், யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வி அதில் இருக்கவேண்டும். பல காலமாக நான் பேசிவரும் கட்சி இது. இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி வனுவாட்டு.

பசிபிக் கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. மக்கள் சுமார் 3 லட்சம் பேர். நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்தின் கூட்டம்கூட இல்லை. தலைநகர் போர்ட் விலாவில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்வி வளாகம் இருக்கிறது. பல தீவு நாடுகள் சேர்ந்து நடத்தும் பல்கலைக்கழகம்; அதனால் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களும் பல நாட்டுப் பிள்ளைகள்.

2019ஆம் ஆண்டு அங்கே படித்த 27 சட்ட மாணவர்கள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். புகையை வெளியிடுவது யாரோ, கடலும் புயலும் வந்து அடிப்பது எங்கள் வீட்டை. இதற்குச் சட்டத்தில் பதில் உண்டா? உலகின் மிகப் பெரிய நீதிமன்றத்தையே கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

சொல்வது சுலபம். மாணவர்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது. ஏன், ஒரு நாடு தனியாகப் போய்க்கூட ஆலோசனைக் கருத்து, அதாவது சட்டம் என்ன சொல்கிறது என்ற விளக்கம், கேட்க முடியாது. ஐ.நா. பொதுச்சபை போன்ற அமைப்புதான் கேட்கவேண்டும். பசிபிக்கின் இன்னொரு தீவு நாடான பலாவ் 2011இலேயே முயன்றது, நடக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் பசிபிக் அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு கையில் எடுத்துக்கொண்டது. வேறு கண்டங்களின் மாணவர்களும் இளைஞர்களும் சேர்ந்து, தத்தம் அரசுகளை நச்சரித்தார்கள். நச்சரிப்பு என்பதை நான் பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

2023 மார்ச் தொடக்கத்தில், ஒரே வாரத்துக்குள் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் வனுவாட்டுவைத் தாக்கின. அதே மாதம் 29ஆம் தேதி, நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானத்தைப் பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது. கேள்வி, அதே கேள்விதான், நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் பொறுப்பேற்கவேண்டும். இந்தக் கருத்து யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது, உண்மை. ஆனால் இனி வழக்காடுகிறவர்கள் இதை எடுத்துக் காட்டாமல் இருக்கப்போவதில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். அந்த நீதிமன்றத்தில் இந்தியா பேசியதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக. அதிகம் மாசுபடுத்திய வளர்ந்த நாடுகளே முதலில் பொறுப்பேற்க வேண்டும் என்றது இந்தியா; அது நியாயம். இப்போதுள்ள பருவநிலை ஒப்பந்தங்களுக்கு மேல் புதுக் கடமை வேண்டாம் என்றும் சொன்னது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பந்தங்களுக்கு வெளியேயும் கடமை உண்டு என்றுதான் நீதிமன்றமும் சொன்னது. இழப்பீடு பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.