உள்ளங்கையில் நிற்கும் குடும்பம்

வணக்கம் நண்பர்களே. பொம்மை வீட்டுக்குள் வைக்கும் குட்டி மனிதர்களை நம் குடும்பத்தாரின் சாயலிலேயே கையால் செய்வது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மேசையில் இடப்பக்கம் நீங்கள் பார்ப்பவர் என் அப்பா. அவருக்குப் பக்கத்தில், உள்ளெலும்பாக வளைத்த வெறும் கம்பியாக நிற்பவர் என் பாட்டி, அம்மாவின் அம்மா. இன்றைய வேலை முழுக்கப் பாட்டியைச் சுற்றித்தான்.

அளவிலிருந்து தொடங்குவோம். பொம்மை வீடுகளில் பரவலாகப் புழங்கும் அளவு 1:12, அதாவது நிஜத்தில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலம். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் இந்த அளவில் 13.75 செ.மீ. ஆகிவிடுவார். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை ஏறத்தாழ 1.9 செ.மீ. இருக்கும், விழியுருண்டை வெறும் 2 மி.மீ. தான். பொம்மையை நாம் அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம் என்றால், அது ஆறு மீட்டர் தொலைவில் நிற்கும் ஆளைப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் நம் வீட்டு ஆட்களை நாம் எதை வைத்துக் கண்டுகொள்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தோள் சரிந்திருக்கும் விதம், கழுத்து முன்னால் நீண்டிருப்பது, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பது, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது ஆகியவைதான் முதலில் நம் கண்ணில் படுகின்றன. மூக்கும் உதடும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆகவே பொம்மையின் சாயலைக் கம்பியிலேயே பிடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கம்பியில் வராத ஆளை முகத்தில் எவ்வளவு செதுக்கினாலும் கொண்டுவர முடியாது.

இதற்கு நல்ல புகைப்படங்கள் வேண்டும். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டும் தலை முதல் கால் வரை. செல்பேசியை முகத்துக்கு அருகில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடும். அந்தப் படத்தைப் பார்த்துச் செதுக்கினால் வேறு யாரோ வந்து நிற்பார். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். பிறகு அந்தப் படத்தை, ஆளின் உயரத்தைப் பன்னிரண்டால் வகுத்த அளவுக்குச் சரியாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். கம்பியை அந்தத் தாளின் மேலேயே வைத்து வளைக்கலாம். அளவுகோலைத் தேட வேண்டிய தேவையே இருக்காது.

பாட்டி இப்போது இல்லை. அவருடைய பக்கவாட்டுப் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. இருப்பவை எல்லாம் நேராக கேமராவைப் பார்த்து எடுத்தவை. அதனால் பக்கவாட்டுத் தோற்றத்தை அம்மாவிடமிருந்தும் அம்மாவின் அண்ணனிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். நெற்றியின் சரிவும் தாடையின் ஓட்டமும் அவர்கள் இருவரிடமும் ஒன்றாகவே இருக்கின்றன. இருவரிடமும் ஒன்றாக இருப்பது பாட்டியிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று கொள்கிறேன். மேல்முதுகு வளைந்தால் தலை முன்னால் போய்விடும். எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்ப்பதற்காக மோவாயைச் சற்றுத் தூக்கவேண்டி வரும். கம்பியில் இந்த இரண்டு வளைவுகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன, கவனியுங்கள். இதோ, கழுத்தடியை இடுக்கியால் பிடித்து ஒரு மயிரிழை பின்னால் தள்ளுகிறேன். முகமே இல்லாத இந்தக் கம்பியில் எனக்குப் பாட்டி தெரிகிறார்.

இனி தலை. அலுமினியத் தாளை இறுக்கி உருட்டி, அதன்மேல் பாலிமர் களிமண்ணை, அதாவது ஓவனில் சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்ணை, பூசினால் தலை கனக்காது, உள்வரை சீராகவும் வேகும். கண்களின் இடத்தை முதலில் குறித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்கள் இருக்கும். குழந்தைகளுக்கு மண்டை பெரிது, முகம் சிறிது என்பதால் கண்கள் அந்தப் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். பெரியவர்களின் உயரம் அவர்கள் தலையைப்போல் ஏழு, ஏழரை மடங்கு. ஒரு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய நான்கு மடங்குதான். குழந்தைப் பொம்மைகள் பல, சுருங்கிய பெரியவர்களைப் போலத் தெரிவதற்கு இந்தக் கணக்கைப் பார்க்காததுதான் காரணம். வயதானவர்களுக்கு இன்னொரு வேறுபாடு உண்டு. பல் விழுந்தவர்களுக்கு மூக்குக்கும் மோவாய்க்கும் இடையிலான தூரம் குறையும், மேலுதடு உள்வாங்கும். வயது ஏற ஏறக் காதும் நீண்டு தொங்கும். சுருக்கங்களைக் கீறுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். உண்மையில் பாட்டிக்கு நான் இரண்டே சுருக்கங்கள்தான் போடப் போகிறேன்: மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை ஓடும் இரண்டு கோடுகள். அதற்கு மேல் போட்டால் இந்த அளவில் அழுக்காகத் தெரியும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தோல் நிறம் என்று கடைகளில் கிடைக்கும் களிமண் பெரும்பாலும் வெளிறிய ரோஜா நிறத்தில்தான் இருக்கும். உங்கள் வீட்டார் யாரும் அந்த நிறத்தில் இல்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம். பழுப்பு, காவி மஞ்சள், வெள்ளை, துளி சிவப்பு, தேவைப்பட்டால் துளி நீலம் என்று நாமே பிசைந்துகொள்ளலாம். ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் நிறம் வேறாக இருப்பது இயல்பு. அந்த வேறுபாட்டை அப்படியே வையுங்கள், அழகுக்காக யாரையும் வெளுப்பாக்க வேண்டாம். சுட்ட பிறகு நிறம் சற்று மாறக்கூடும் என்பதால், பட்டாணி அளவு உருண்டையை முதலில் சுட்டுப் பாருங்கள்.

சுடுவது, பொட்டலத்தில் எழுதியிருக்கும் வெப்பத்தில். வகையைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஓவனுக்குள் தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். இந்தக் களிமண் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. கருகினால் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் புகை வரும். உடம்பின் நடுப்பகுதியில் நான் களிமண் வைப்பதில்லை. தலை, கைகள், கால்கள் மட்டும் களிமண். நடுவில் கம்பியின்மேல் துணி சுற்றுகிறேன். அப்போதுதான் சுட்ட பிறகும் நிற்கும் விதத்தைத் திருத்த முடியும்.

அடுத்து, தலைமுடியும் உடையும். முடிக்கு மொகேர் நல்லது, அங்கோரா ஆட்டின் முடியிலிருந்து வரும் மெல்லிய இழை. நெற்றியோரம் முடி தொடங்கும் கோட்டைப் புகைப்படத்தில் பார்த்து, அதே கோட்டில் ஒட்டுங்கள். வழுக்கையோ நடு வகிடோ சாயலுக்குப் பெரிய துணை. துணிதான் கடினம். ஆளைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்கலாம், துணியின் இழையைக் குறைக்க முடியாது. ஆகவே பலமுறை துவைத்து நைந்த மெல்லிய பருத்தியைத் தேடுங்கள். அந்த ஆள் உடுத்திய பழைய உடையிலிருந்தே கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி, காவல்துறையினருக்குக் குற்ற விசாரணையைக் கற்பிப்பதற்காக 1940களில் இதே 1:12 அளவில் அறைகளையும் மனிதர்களையும் செய்தார். அந்தப் பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசி அளவு ஊசிகளால் பின்னினார். அதற்கு வெகு முன்பே, 1913இல், தன் தாயின் பிறந்தநாளுக்காகச் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவைத் தொண்ணூறு கலைஞர்களோடு குட்டியாகச் செய்து கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு அன்பளிப்பாக இத்தனை மனிதர்களைச் செய்த அந்தக் கைகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

பொம்மை முடிந்ததும் குடும்பத்தில் ஒருவரிடம் காட்டுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள், முகத்தையும் காட்டாதீர்கள். முதுகைத் திருப்பி வைத்து, யார் என்று கேளுங்கள். உடனே பெயர் வந்தால் வேலை முடிந்தது. தயங்கினால் முகத்தில் கை வைக்காமல், கழுத்தடியிலும் இடுப்பிலும் கம்பியை மெல்ல வளைத்து மறுபடி கேளுங்கள். அப்பா பொம்மையைத் தம்பியிடம் இப்படித்தான் காட்டினேன். பின்னால் கட்டிய கைகளைப் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டான். பாட்டியை அம்மாவிடம் காட்டப் போகிறேன், அதை அடுத்த காணொளியில் பதிவு செய்கிறேன்.