மணியோசை இடுப்பில் கேட்கிறது

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சர்க்கரைச் சோதனை யாருக்கு, எந்தச் சோதனை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? முதல் இரண்டையும் சொல்ல வந்தேன். முதல் கேள்விதான் பெரிது. ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பார்கள். இந்த நோய் அறிகுறியே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடம்பில் இருக்கும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும்போது யானை வாசலுக்கே வந்துவிட்டது. மணியை முன்கூட்டியே கேட்கத்தான் சென்னை ஆய்வாளர்கள் 2005-இல் இந்திய நீரிழிவு அபாயக் கணக்கை வகுத்தார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. வயது, இடுப்பு, உழைப்பு, பெற்றோர், அவ்வளவுதான்.

ஒரு மளிகைக்கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 52. “எனக்கென்னங்க, பத்து வருஷமா பேண்ட் 34தான்” என்கிறார். பொய்யில்லை. தொப்பை வளர வளர பெல்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது. 34 அப்படியே நிற்கிறது! சட்டையை விலக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டதும் பாருங்கள்: 102 சென்டிமீட்டர். இனி கூட்டுவோம். 50 வயது தாண்டியதற்கு 30. 35 முதல் 49 வரை என்றால் 20. ஆணுக்கு இடுப்பு 90 என்றால் 10, 100 என்றால் 20. பெண்ணுக்கு 80, 90. அப்பாவுக்குச் சர்க்கரை, 10. அம்மாவுக்கும் இருந்தால் 20. கல்லாவில் உட்கார்ந்த வேலை, நடையும் கிடையாது, 30. மொத்தம் 90. 60 தொட்டாலே ரத்தச் சோதனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த தாய்மார்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தாக வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய் தன் சோதனையை மறந்துவிடுகிறாள். கர்ப்பத்தில் வந்த சர்க்கரையும் மணியோசைதான், சகோதரிகளே!

அடுத்து, எந்தச் சோதனை? 8 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. ரத்தத்தில் 126 மில்லிகிராம் தொட்டால் அது சர்க்கரை நோயின் எல்லை. ஆனால் அறிகுறி இல்லாதவர் இன்னொரு முறை பார்த்தே உறுதி செய்ய வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனை, ரத்தசோகை உள்ளவர்களை ஏமாற்றிவிடும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதையும் மற்றதையும் மருத்துவ அலுவலர் அவர்கள் சொல்வார்கள்.

என் கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு குழுவின் கணக்கு நோட்டோடும் ஓர் இஞ்ச் டேப் இருக்க வேண்டும். சேமிப்பு எழுதும் நாளில் இடுப்பளவையும் எழுதுங்கள். புடவைக் கொசுவத்தின் மேல் அளக்காதீர்கள், அளவு கூடிவிடும். டேப் மேசை மேல் இருக்கிறது. தலைவர் அவர்களே, முதல் அளவைத் தாங்களே தந்து தொடங்கி வைக்க வேண்டுகிறேன்.